கஞ்சமலை இரும்பும் கதிரவன் இரும்பும்

இளம்பிள்ளையில் நின்று கீழ்த்திசை நோக்குவார்க்குக் கஞ்சமலை கண்ணிற்படும். அம்மலைப் பக்கமிருந்தே நாள்தோறும் ஞாயிறு எழுகின்றது. மலையின் கல்லில் இரும்பு உண்டு என்பதை இவ்வட்டாரத்தார் நெடுங்காலமாக அறிவர். அந்த இரும்புக் கல்லை எண்ணியே மலையடிவாரத்தில் சேலம் உருக்காலை அமைக்கத் திட்டமிடப்பட்டது என்பதையும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால், மலைக்கு மேலே எழும் ஞாயிற்றிலும் அதே இரும்பு உண்டு என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அறிந்தாலும், ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எரிந்துகொண்டிருக்கும் ஒன்றில் இரும்பு உண்டென எவர் சென்று பார்த்து வந்தார் என்று வினவியவர் எத்தனை பேர்?

எவரும் சென்று பார்க்கவில்லை. செல்லவும் இயலாது. அங்கிருந்து 8 நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நேரத்தில் நம்மை வந்தடையும் ஒளியே அச்செய்தியைக் கொண்டுவந்தது. ஒளியைப் பிரித்து, அதில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும் துறைக்கு நிறமாலையியல் என்று பெயர்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். ஏட்டுச்சுவடியில் சிதைந்த எழுத்தையும் விடுபட்ட சீரையும் கொண்டு மூல பாடத்தை மீட்டெடுப்பது தமிழாசிரியர் பணி. விண்மீனின் ஒளியில் விடுபட்ட நிறங்களைக் கொண்டு அம்மீனின் இயல்பை மீட்டெடுப்பது நிறமாலையறிஞர் பணி. இரண்டும் படிப்பே. எனவே, இத்துறை வளர்ந்த வழியைச் சுருங்கக் காட்டி, அதிலிருந்து மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு கருத்தை முன்வைக்க விழைகின்றோம்.

அறிய இயலாது என்ற தீர்ப்பு

ஒளி பற்றிய முறையான ஆய்வு ஐரோப்பாவில் மட்டும் தோன்றியதன்று. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் காட்சி உண்டாகின்றது என்ற பழைய கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்பதைச் சோதனைகளின் வாயிலாக விளக்கினார். அவருடைய நூலுக்கு விளக்கம் எழுதிய கமாலுத்தீன் அல்பாரிஸீ, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணாடி உருண்டையில் நீரை நிரப்பி, அதனை ஒரு பெரிய மழைத்துளியாகக் கருதிச் சோதித்து, வானவில் தோன்றும் முறையை ஆராய்ந்தார். பின்னர் 1666ஆம் ஆண்டளவில் நியூட்டன், முப்பட்டகக் கண்ணாடியால் வெள்ளொளியைப் பல நிறங்களாகப் பிரித்துக் காட்டினார். அந்நிறங்களின் வரிசையே நிறமாலை.

இவ்வளவு அறிந்த பின்னும், விண்மீன்களின் உட்பொருள் என்னவென்பது மனிதரால் அறியவொண்ணாத மறைபொருளாகவே கருதப்பட்டது. பிரான்சு நாட்டின் மெய்யியலறிஞர் ஒகுஸ்து கோந்த், விண்மீன்களின் தொலைவையும் இயக்கத்தையும் அளக்கலாமேயன்றி, அவற்றின் வேதியியல் அமைப்பை எந்நாளும் அறிய இயலாது என்று 1835ஆம் ஆண்டில் எழுதினார். அவர் சாதாரண மனிதர் அல்லர். தம் காலத்துப் பேரறிஞர்களுள் ஒருவர். அவர் மறைந்தது 1857இல். அதற்கு இரண்டே ஆண்டுகளில் அவருடைய தீர்ப்பு பொய்த்தது.

அறுந்த இழைகள் சொல்லும் செய்தி

அத்தீர்ப்பைப் பொய்யாக்கிய கருவி, கைவினைஞர் ஒருவரின் பட்டறையில் உருவானது. செருமனியின் பவேரியாவில் கண்ணாடித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் யோசப் பிரான்ஹோபர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கல்லூரிக் கல்வி பெறாதவர். கண்ணாடி தீட்டும் தொழிலைக் கற்றவர். தாம் செய்யும் கண்ணாடி குற்றமற்றதாக அமைய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நிறமும் அதில் எவ்வளவு வளைகின்றது என்று அளக்க முற்பட்டார். 1814ஆம் ஆண்டில் சூரிய ஒளியை நுண்ணிய பிளவு வழியே செலுத்திப் பிரித்துப் பார்த்தபோது, நிறமாலையின் குறுக்கே எண்ணற்ற கருங்கோடுகள் இருக்கக் கண்டார். 1802ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் வில்லியம் வொல்லாஸ்டன் சில கோடுகளைக் கண்டிருந்தார். பிரான்ஹோபரோ 570க்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணிக் குறித்தார். முதன்மையானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். அவை எதனால் உண்டாகின்றன என்பதை அறியாமலேயே 1826இல், தம் 39ஆம் அகவையில் மறைந்தார்.

இளம்பிள்ளையின் தறிகளில் பழகியவர்க்கு இதனை விளக்குவது எளிது. பாவில் ஓர் இழை அறுந்து, அதனைக் கவனியாமல் நெய்தால், சேலை நெடுகிலும் ஒரு கோடு விழும். தேர்ந்த நெசவாளர் அக்கோட்டைக் கண்டதும் எவ்விடத்து இழை விடுபட்டது என்று சொல்லிவிடுவார். சூரிய ஒளியும் பல நிற இழைகளால் ஆன பாவு போன்றதே. அதில் சில இழைகள் மட்டும் விடுபட்டுள்ளன. அவை எங்கே போயின?

விடை 1859, 1860ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. ஹைடல்பெர்க் நகரில் கிர்க்கோஃப் என்ற இயற்பியலறிஞரும் புன்சன் என்ற வேதியியலறிஞரும் இணைந்து ஆய்ந்தனர். ஒவ்வொரு தனிமமும் ஆவியாகிச் சுடரும்போது தனக்கே உரிய சில நிறங்களை மட்டும் வெளிவிடும். அடுக்களையில் உப்பிட்ட நீர் பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச்சுடர் மஞ்சளாக மாறுவதை நம் இல்லத்தார் எல்லாரும் கண்டிருப்பர். அம்மஞ்சள், உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். அதன் அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு இடங்களில் அமையும். அதே சோடிய ஆவி, தன்னைவிட வெப்பம் மிக்க ஓர் ஒளிமூலத்தின் முன்னே இருக்குமாயின், அதே இரண்டு நிறங்களை உட்கவர்ந்துகொள்ளும். அவ்விடங்களில் கருங்கோடு விழும். தனிமம் எந்நிறத்தைக் கொடுக்குமோ அந்நிறத்தையே எடுக்கவும் செய்யும் என்பதே இதன் சாரம்.

சூரியனின் ஒளிரும் பரப்பிலிருந்து புறப்படும் ஒளி, அதன் மேலே சற்றுக் குளிர்ந்த வளிப்படலத்தைக் கடந்து வருகின்றது. அவ்வளியில் உள்ள தனிமங்கள் தத்தம் நிறங்களை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, விடுபட்ட இழைகளின் பட்டியலே சூரியனில் உள்ள தனிமங்களின் பட்டியல். கிர்க்கோஃப், இரும்பை ஆவியாக்கிப் பெற்ற ஒளிக்கோடுகளைச் சூரியனின் கருங்கோடுகளோடு ஒப்பிட்டார். ஒன்றிரண்டு அல்ல, ஏறத்தாழ 60 கோடுகள் இடம் பிசகாமல் பொருந்தின. இத்தனையும் தற்செயலாகப் பொருந்த வழியில்லை. சூரியனில் இரும்பு உண்டென்பது அவ்வாறே உறுதியாயிற்று.

கோடு இருக்கும் இடம் தனிமத்தைச் சொல்கின்றது. ஆனால், கோட்டின் அழுத்தத்தை மட்டும் கொண்டு அளவைச் சொல்லிவிட இயலாது. இந்த நுட்பத்தை விளக்கியவர் நம் நாட்டவர். டாக்காவுக்கு அருகே சிறு கடை நடத்தியவரின் மகனாக 1893இல் பிறந்த மேகநாத் சாஹா, வெப்பநிலைக்கும் அணுக்கள் எலெக்ட்ரான் இழக்கும் நிலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சமன்பாட்டை 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனைக் கைக்கொண்டு சிசிலியா பெய்ன் என்ற பெண்மணி, 1925ஆம் ஆண்டில், விண்மீன்களில் மிக மிகுதியாக இருப்பவை ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று காட்டினார். அக்கால மூத்த அறிஞர் அதனை ஏற்கத் தயங்கினர். சில ஆண்டுகளில் ஏற்றனர். சூரியனின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். நான்கில் ஒரு பங்கு ஹீலியம். இரும்பு உள்ளிட்ட ஏனைய அனைத்தும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவே.

தாது வருடப் பஞ்சமும் கொடைக்கானல் கூடமும்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. இத்துறையின் வரலாற்றில் தென்னிந்திய மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய மறைப்பைக் காண அறிஞர் பலர் இங்கு வந்தனர். பிரான்சின் ஜான்சென் குண்டூரில் கருவி அமைத்தார். சென்னை வானியல் கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், ஐதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்திக்கு ஒரு குழுவோடு சென்றார். இவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதி, ஆங்கிலத்தோடு உருது, கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தவர். அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் 150 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடையே செயலாகியிருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் குறிப்பிடுவர். அதில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. அப்பஞ்சத்தை ஆராய்ந்த குழுவினர், மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதி, சூரியனை முறையாக நோக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். அப்பரிந்துரை முதிர்ந்து, கொடைக்கானல் மலையில், கடல்மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், 1899ஆம் ஆண்டு சூரிய ஆய்வுக்கூடமாக உருப்பெற்றது. பட்டினியால் மாண்டவர்களின் துயரமே அக்கூடத்துக்கு அடிக்கல் என்றால் மிகையாகாது.

கரும்புள்ளியைக் கொண்டு பருவமழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை அவர்கள் எண்ணியவாறு நிறைவேறவில்லை. எனினும் நோக்குதல் நிற்கவில்லை. கால்சியத்தின் ஒளியில் சூரியனைப் படமெடுக்கும் பணி 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அங்குத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திரண்ட அப்படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு உலக ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. 1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஒளியில் கருங்கோடுகள் தம் இடத்திலிருந்து சிறிதே நகர்ந்திருப்பதைக் கண்டார். நம்மை நெருங்கும் தொடர்வண்டியின் ஊதல் உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதைப் போலவே ஒளியும் மாறும். அம்மாற்றத்தை அளந்து, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வளி வெளிநோக்கி ஓடுகின்றது என்று அவர் காட்டினார். உலக வானியல் நூல்களில் இது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகின்றது.

சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு, அமெரிக்க அறிஞர் வில்சனோடு இணைந்து, கால்சியக் கோட்டின் அகலத்திலிருந்து விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியலாம் என்று 1957இல் வெளியிட்டார். பின்னர்க் கொடைக்கானல் கூடத்தின் தலைமையை ஏற்ற அவர், சவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூரில் புதிய கூடம் கண்டார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்த பின் 1986இல் அவர் பெயராலேயே நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. சேலத்திலிருந்து சில மணி நேரத்தில் சென்றுவிடத்தக்க தொலைவில் விண்மீன் ஒளியைப் படிக்கும் கூடம் ஒன்று உண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

இரண்டு பெயர்கள், இரண்டு முடிவுகள்

இனி நாம் சொல்ல வந்த கருத்துக்கு வருவோம். அதற்கு இத்துறையின் வரலாற்றிலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

1868ஆம் ஆண்டு மறைப்பின்போது சூரிய விளிம்பின் தழற்பிழம்புகளில் மஞ்சள் நிறக்கோடு ஒன்று தோன்றியது. முதலில் அது சோடியத்தினது என்றே கருதப்பட்டது. மறுநாளும் தொடர்ந்து நோக்கிய ஜான்சென், மறைப்பு இல்லாத வேளையிலும் அப்பிழம்புகளைக் காணும் வழியைக் கண்டார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியரும் தனியே அவ்வழியைக் கண்டு, மஞ்சட்கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, 587.6 நானோமீட்டர் என்று நாம் இன்று குறிக்கும் இடத்தில் உள்ளது என்று அளந்தார். மண்ணுலகில் அறியப்படாத தனிமம் என்று எண்ணி, கிரேக்க மொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹீலியம் என்று பெயர் எழுந்தது. பலர் ஐயுற்றனர். 1895ஆம் ஆண்டில் வில்லியம் ராம்சே, யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட வளியில் அதே கோட்டைக் கண்டார். 27 ஆண்டுகள் காத்திருந்த பெயர் மெய்யாயிற்று.

அடுத்த நிகழ்ச்சி 1869ஆம் ஆண்டினது. அமெரிக்காவில் தெரிந்த முழுமறைப்பின்போது, சூரியனின் வெளிப்புற ஒளிவட்டத்தில் பச்சைக்கோடு ஒன்று தோன்றியது. அறிந்த எத்தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. ஹீலியத்தைப் போலவே இதுவும் புதுத்தனிமம் என்று கருதிக் கொரோனியம் என்று பெயரிட்டனர். 70 ஆண்டுகள் அப்பெயர் நிலவியது. 1939ஆம் ஆண்டளவிலும் அதை அடுத்தும் குரோட்ரியன், எட்லேன் ஆகிய அறிஞர்கள் உண்மையைக் கண்டனர். அது புதிய தனிமம் அன்று. நம் பழைய இரும்பே. 26 எலெக்ட்ரான்களுள் 13ஐ இழந்த இரும்பு. அவ்வாறு இழக்க வேண்டுமாயின் வெப்பம் பத்து இலட்சம் பாகையை எட்ட வேண்டும். சூரியனின் ஒளிரும் பரப்போ ஏறத்தாழ 5,500 பாகைதான். பரப்பைவிட வெளிவட்டம் ஏன் இவ்வளவு சுடுகின்றது என்ற வினாவுக்கு இன்றும் முழுவிடை கிடைக்கவில்லை.

இரு நிகழ்ச்சிகளிலும் தொடக்கம் ஒன்றே. அறியாத கோடு, புதிய பெயர், பெரும் ஆர்வம். ஒன்று மெய்யாயிற்று, மற்றொன்று பொய்யாயிற்று. இரண்டையும் வேறு பிரித்தது எது? பெயரிட்டவரின் பெருமையா? நம்பியவரின் எண்ணிக்கையா? இரண்டும் அல்ல. விடாது அளந்து பார்த்த பொறுமையே.

முன்னரே உண்டு என்னும் முழக்கம்

இப்பொறுமையை நாம் கற்றிருக்கிறோமா என்பதே நம் வினா. தமிழ்க் கருத்தரங்குகளில் சங்க இலக்கியத்தில் இன்ன அறிவியல் உண்டு என்று காட்டும் கட்டுரைகள் ஆண்டுதோறும் படிக்கப்படுகின்றன. நம் சமுதாய மேடைகளிலோ, இன்று கண்டறியப்படும் ஒவ்வொன்றும் திருமறையில் முன்னரே கூறப்பட்டது என்ற முழக்கம் எழுகின்றது. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு இரும்பு என்ற பொருளுடைய 'அல்ஹதீத்' என்ற பெயர் அமைந்திருப்பதால், இரும்பைப் பற்றிய அறிவியற் செய்தி எது வெளிவந்தாலும் அவ்வத்தியாயம் மேற்கோளாகின்றது.

முழங்குவோரின் நோக்கம் நல்லதே. தம் மொழியின் மீதும் மார்க்கத்தின் மீதும் உள்ள பற்றே அவர்களைப் பேச வைக்கின்றது. அப்பற்று நமக்கும் உண்டு. ஆயினும், ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். 1890ஆம் ஆண்டில் ஒருவர் எழுந்து, கொரோனியம் என்ற தனிமம் எம் பாட்டில் உண்டு, எம் மறையில் உண்டு என்று சொற்பொருள் காட்டி நிறுவியிருந்தால், 1940இல் அவர் வழித்தோன்றல் என்ன விடை சொல்வார்? தனிமமே இல்லை என்று ஆன பின், பாட்டு பொய்த்தது என்பாரா, மறை பொய்த்தது என்பாரா? பொய்த்தது பாட்டும் அன்று, மறையும் அன்று. அவசரப்பட்டுப் பொருள் கொண்டவரின் உரையே. அறிவியலின் முடிவுகள் திருத்தத்துக்கு உரியவை. திருத்திக்கொள்வதே அதன் வலிமை. மாறும் ஒன்றை மாறாத ஒன்றுக்குச் சான்றாக நிறுத்துவது, மாறாததைக் காக்கும் வழியாகாது. இறைநம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை தேவையில்லை.

மேலும், இம்முழக்கத்தால் விளையும் பெருங்கேடு வேறொன்று. எல்லாம் முன்னரே உண்டு என்று கேட்டு வளரும் மாணவன், தானே தேட வேண்டியது ஒன்றுமில்லை என்று அமைந்துவிடுகிறான். இப்னுல் ஹைதமின் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அவர் முன்னோர் கூற்றை அப்படியே ஏற்றவர் அல்லர், ஐயுற்றவர், சோதித்தவர். அவரைப் போற்றுவதாயின் அவர் செய்ததைச் செய்ய வேண்டும். புறநானூற்றின் 30ஆம் பாட்டு, ஞாயிற்றின் செலவை அறிந்துரைப்போர் அக்காலத்தே இருந்தனர் என்று காட்டுகின்றது. அதிலிருந்து தமிழர்க்கு நிறமாலை தெரியும் என்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை. வானத்தை நோக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது என்று கொண்டு, அவ்வழக்கத்தை மீட்பதே அறிவுடைமை.

தேடினால் கிடைக்கும் என்பதற்குத் தொலைவு செல்ல வேண்டா. செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்ற நிகர் ஷாஜி என்ற பெண்மணியைத் திட்ட இயக்குநராகக் கொண்டு உருவான ஆதித்யா எல்-1 விண்கலம், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டு, 2024 சனவரி 6ஆம் நாள், புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் நிலையை எய்தியது. கொடைக்கானலையும் காவலூரையும் நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அதற்கெனச் செய்தளித்த கருவி, 530.3 நானோமீட்டர் என்ற இடத்தில் உள்ள பச்சைக்கோட்டை நோக்கும் வண்ணம் அமைக்கப்பட்டது. ஒரு காலத்தில் கொரோனியம் என்று பிழைபடப் பெயர் பெற்ற அதே இரும்புக்கோடு! நம் பெண்மக்களுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

செய்யத்தக்கன

குறை கூறி அமைவது எளிது. செய்யத்தக்கன சிலவற்றையும் கூறுவது கடமை.

முதலாவது, தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் இணைந்து ஆண்டுக்கு ஒருநாள் நிறமாலை நாள் நடத்தலாம். பெருஞ்செலவு தேவையில்லை. அட்டைப்பெட்டி, நுண்ணிய பிளவு, பயனற்றுப்போன குறுந்தகடு ஆகிய மூன்றும் போதும். குறுந்தகட்டின் நெருங்கிய வரிகள் ஒளியைப் பிரித்துக் காட்டும். குழல்விளக்கின் ஒளியில் தனித்தனி ஒளிக்கோடுகள் தெரியும். பகல் வானின் ஒளியை நுணுகி நோக்கினால் பிரான்ஹோபரின் கருங்கோடுகளுள் சிலவும் தென்படும். சூரியனை நேரே நோக்குதல் மட்டும் ஒருபோதும் கூடாது, பார்வை போய்விடும்.

இரண்டாவது, அன்று கண்டதை மாணவர் தமிழில் எழுத வேண்டும். நிறமாலை, முப்பட்டகம், அலைநீளம், உட்கவர்தல் என்று பள்ளிப் பாடநூல்களிலேயே சொற்கள் உள்ளன. அவை தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் கட்டுரையிலும் பேச்சிலும் புழங்க வேண்டும். தாம் கண்ணால் கண்டதை ஐயத்துக்கு இடமின்றி எழுதப் பயிற்றுவது தமிழாசிரியரின் பணியன்றி வேறு எவர் பணி?

மூன்றாவது, கருத்தரங்குக் கட்டுரைகளில் ஒரு நெறியை மேற்கொள்வோம். பழம்பாட்டில் அறிவியல் உண்டு என்று எழுதும் மாணவர், அவ்வறிவியல் எவரால், எந்த ஆண்டில், எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். அவ்வொரு பக்கத்தை எழுதியவர்க்கு ஒப்புமையின் எல்லை தாமே விளங்கும்.

நான்காவது, சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வறிவு வானத்தோடு நிற்பதன்று. சாயமிட்ட நூலின் நிறம் கேட்ட நிறத்தோடு ஒத்துள்ளதா என்று அளக்கும் கருவி ஒளியைப் பிரித்தே அளக்கின்றது. கிணற்று நீரில் ஈயமோ குரோமியமோ கலந்துள்ளதா என்று அறியும் ஆய்வு, பிரான்ஹோபர் கோடுகள் உண்டாகும் அதே முறையில், உட்கவரப்பட்ட ஒளியைக் கொண்டே நடக்கின்றது. தறியும் சாயமும் வாழ்வளிக்கும் இளம்பிள்ளை போன்ற ஊர்களுக்கு இவை உயிர்நாடியான செய்திகள். மாணவரைக் கொடைக்கானலுக்கும் காவலூருக்கும் அழைத்துச் செல்ல ஆகும் செலவில் ஒரு பங்கைப் பெரியோர் ஏற்பராயின், அது நிலைத்த அறமாகும்.

கோந்த் என்ற பேரறிஞர் இயலாது என்றார். கண்ணாடி தீட்டிய தொழிலாளியின் கருவி இயலும் என்றது. சிறு கடைக்காரரின் மகன் அதன் நுட்பத்தை விளக்கினார். செங்கோட்டைப் பெண்மணி அப்பணியை விண்ணுக்கே கொண்டு சென்றார். இவ்வரிசையில் அடுத்து நிற்பவர் தறி நெய்வார் வீட்டிலிருந்தும் சாயம் தோய்ப்பார் வீட்டிலிருந்தும் நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளாக இருத்தல் கூடும். முன்னோர் கண்டதை எண்ணி மகிழ்வதோடு நில்லாமல், தம் கண்ணால் காணவும், கண்டதை அளக்கவும், அளந்ததைத் தமிழில் எழுதவும் அவர்களைப் பயிற்றுவோம். எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக.